தவறான கோணமும் சரியான விடையும்: வினாத்தாள் அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்துக்கு வினாத்தாள் அமைக்கும், விடைத்தாள் திருத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். கலப்பு எண்கள் பாடத்தில் டி மாய்வர் தேற்றத்தை (அடுக்கு உயர்த்தும்போது கோணம் அத்தனை மடங்காகும் என்பது) ஒட்டிக் கேட்கப்படும் கணக்குகள் சிலவற்றில், வழி தவறியவரும் சரியான விடைக்கே வந்து சேர்ந்துவிடுகிறார். எண்களைத் தேர்ந்தெடுக்கும்போது சற்றுக் கவனம் வைத்தால் இதைத் தவிர்க்கலாம். (−1இன் வர்க்கமூலத்தை இங்கே ஐ என்று எழுதுகிறோம்.)

−1 + √3 ஐ என்ற எண்ணின் ஆறாம் அடுக்கைக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். மட்டு (பூச்சியத்திலிருந்து எண்ணின் தூரம்) 2, எண் இரண்டாம் கால்பகுதியில் இருப்பதால் வீச்சு (மெய் அச்சோடு அது அமைக்கும் கோணம்) 120°. அதன் 6 மடங்கு 720°, ஆகவே விடை 64. கால்பகுதியைப் பார்க்காமல் −√3க்குத் தலைகீழ் டேன்ஜென்ட் எடுத்தவருக்கு −60° வரும். அதன் 6 மடங்கு −360°, அவருக்கும் 64தான்! கோணத்தில் உள்ள 180° பிழை, இரட்டைப்படை அடுக்கில் 360°இன் மடங்காகி மறைந்துவிடுகிறது. மூன்றாம் அடுக்கைக் கேட்டிருந்தால் சரியாகச் செய்தவருக்கு 8, மற்றவருக்கு −8. ஆகவே இரண்டாம், மூன்றாம் கால்பகுதி எண்களுக்கு ஒற்றைப்படை அடுக்கையே கொடுங்கள். நான்காம் கால்பகுதியில் தலைகீழ் டேன்ஜென்ட் சரியான கோணத்தையே தந்துவிடும், அங்கே இந்தச் சோதனைக்கு வேலையில்லை.

சைன் 30° + ஐ கொசைன் 30° போன்றவற்றையும் விட்டுவிடாதீர்கள். கோணம் 60° என்று மாற்றியபின் மூன்றாம் அடுக்கு −1. மாற்றாமல் தேற்றத்தைப் போட்டவருக்கு 1.

மூலங்களில் சிக்கல் வேறு. −8 − 8√3 ஐ என்பதன் நான்காம் படி மூலங்களை எடுத்துக்கொள்வோம். மட்டு 16, வீச்சு 240°. மட்டின் நான்காம் படி மூலம் 2 (16ஐ 4ஆல் வகுத்து 4 என்று எழுதுவோர் உண்டு). கோணத்தோடு முதலில் 0°, 360°, 720°, 1080° கூட்டி, அதன்பிறகே 4ஆல் வகுக்க வேண்டும்: 60°, 150°, 240°, 330°. மூலங்கள் 1 + √3 ஐ, −√3 + ஐ, −1 − √3 ஐ, √3 − ஐ. முதலில் வகுத்துவிட்டுப் பிறகு 360° கூட்டுபவர் 60°, 420°, 780°, 1140° என்று எழுதுவார். நான்கு வரி இருக்கும், மூலம் ஒன்றுதான். திருத்தும்போது வரிகளை எண்ணினால் இது கண்ணில் படாது. மூலங்களைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்; பூச்சியம் வர வேண்டும். ஆனால் தொடக்கக் கோணமோ மட்டோ தவறியிருந்தாலும் கூட்டல் பூச்சியமாகவே இருக்கும். அதற்கு ஒரு மூலத்தையாவது திரும்ப நான்காம் அடுக்குக்கு உயர்த்த வேண்டும். 330° என்பதற்குப் பதில் −30° என்று எழுதியவருக்கு மதிப்பெண் குறைப்பது நியாயமல்ல. வினா முதன்மை வீச்சைக் (−180°க்கு மேல் 180° வரை உள்ள கோணத்தை) கேட்டிருந்தால் −30°தான் சரி, 330°தான் பிழை.

எல்லா மூலங்களும் எதற்கு என்று மாணவர் கேட்டால் காட்டுவதற்கு ஓர் அருமையான கணக்கு இருக்கிறது. ய³ = 15ய + 4. இத்தாலியர் ரஃபயேல் பொம்பெல்லி 1572இல் வெளியிட்ட நூலில் இதை எடுத்தாண்டார். முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் கார்டானோவின் சூத்திரத்தைப் போட்டால் 2 + 11 ஐ, 2 − 11 ஐ ஆகியவற்றின் முப்படி மூலங்களின் கூடுதலாக விடை வருகிறது. (2 + ஐ)³ = 8 + 12 ஐ − 6 − ஐ = 2 + 11 ஐ. ஆகவே ஒரு மூலம் 2 + ஐ; அதன் இணை எண்ணைக் (2 − ஐ) கூட்டினால் ய = 4. பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். 2 + ஐ என்பதை 120° சுழற்றினால், அதாவது (−1 + √3 ஐ)/2 ஆல் பெருக்கினால், மெய்ப்பகுதி (−2 − √3)/2. இணை எண்ணோடு கூட்ட, ய = −2 − √3. இன்னொரு 120° சுழற்றினால் ய = −2 + √3. சமன்பாட்டின் மூன்று தீர்வுகளும் மெய்யெண்கள். மூன்றும் மூன்று முப்படி மூலங்களிலிருந்து வந்தவை.

கலப்பு எண்களை அடுத்துச் சமன்பாட்டியல் வருவதால் இரண்டு பாடங்களையும் சேர்த்தே இதைக் கேட்கலாம். 2 + 11 ஐயின் வீச்சு வழக்கமான கோணமல்ல என்பதால், 2 + ஐ ஒரு முப்படி மூலம் என்பதைச் சரிபார்க்கச் சொல்லி, மற்ற இரண்டையும் காணச் சொல்லுங்கள். அட்டவணையோ கால்குலேட்டரோ வேண்டாம். 5 மதிப்பெண்ணில் சரிபார்த்தலுக்கு 1, சுழற்றிப் பெறும் இரண்டு மூலங்களுக்கு 2, ய மதிப்புகளுக்கு 2 என்று பிரிக்கலாம்.

இப்படிக்கு,
கணிதம் கற்பிப்போர் சிலர்