பணம் வேண்டாம், ஒரு ஜோடி டிரனியன் அனுப்பு

அன்பு மகள் மீனாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள், அவள் உன் கட்சி, என்னை ஒரு வார்த்தை பேச விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். 63 வயதில், மாடு கட்டிய கொட்டகையில், ஒரு பழைய ஹெரால்டு காரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டுமா, கோயம்புத்தூரில் ஒரு கடையில் விட்டால் அவர்களே எல்லாம் முடித்துச் சாவியைக் கையில் கொடுப்பார்களே, பணம் நான் தருகிறேனே என்று கேட்டாய். நியாயமான கேள்விதான். உன்னைக் குறை சொல்லவில்லை.

அந்தக் கடைக்காரரிடம் நானே பேசிப் பார்த்தேன். தம்பி மரியாதையாகத்தான் பேசினார். முதலில் என்ன கலர் வேண்டும் என்றார், அப்புறம் அலாய் வீல், அப்புறம் மாருதி எஞ்சின் போட்டுவிடலாம் சார், ஏசியும் வைக்கலாம், பறக்கும் என்றார். பறப்பது இருக்கட்டும், பிரேக் என்ன செய்வீர்கள், பின் ஆக்சில் என்ன செய்வீர்கள் என்றேன். அதெல்லாம் பார்த்துக்கலாம் சார் என்றார். அந்த "பார்த்துக்கலாம்" எனக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான் விஷயம். மாப்பிள்ளையும் இதே மாருதி எஞ்சின் யோசனையைச் சொன்னார் அல்லவா, அவருக்கும் சேர்த்தே இந்தக் கடிதம் என்று வைத்துக்கொள்.

நீ இருக்கும் வீட்டிலிருந்து கேன்லி எவ்வளவு தூரம்? உன் ஊர்தான், கவன்ட்ரியில் ஒரு பகுதி. ஹெரால்டைச் செய்த டிரயம்ஃப் கம்பெனியின் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது, 1980இல் அங்கே கார் செய்வதை நிறுத்திவிட்டார்கள். ஹெரால்டை 1959இல் கொண்டுவந்தார்கள், உருவம் வரைந்தவர் மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். 1961இலிருந்து நம் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு கம்பெனி அதையே செய்ய ஆரம்பித்தது. கவன்ட்ரியில் 1962இல் அதே சேஸியை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, குட்டையாக்கி, மேலே இரண்டு சீட் பாடியை வைத்து ஸ்பிட்ஃபயர் என்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் விட்டார்கள். ஆக, நம் கொட்டகையில் நிற்பது ஸ்பிட்ஃபயருக்குப் பெரியம்மா முறை. அதை ஸ்போர்ட்ஸ் கார் என்று நான் சொன்னால் உன் அம்மா சிரிக்கிறாள், நீயாவது சிரிக்காதே.

வீட்டில் வைத்து வேலை பார்க்க இதைவிடத் தோதான கார் கிடையாது. அந்தக் காலத்தில் டிரயம்ஃப்காரர்களுக்குப் பாடி செய்து கொடுத்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது, முழு பாடியை ஒரே இடத்தில் அடிக்க வழியில்லை. அதனால் துண்டு துண்டாக வெவ்வேறு இடத்தில் செய்து, தனி சேஸி மேல் வைத்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். பானெட்டும் முன் மட்கார்டும் ஒரே துண்டு, முன்பக்கமாகக் கவிழ்த்தால் எஞ்சின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் கண் முன்னால். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம், எனக்கு இருக்கும் முதுகுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கே தெரியும். கூரையைக்கூடக் கழற்றிவிடலாம், போல்ட்தான். கழற்றிவிட்டு ஓட்டலாமே என்று உன் சித்தப்பா கேட்டார், சித்திரை மாதத்தில் மேல் இல்லாத காரில் மேலூர் ரோட்டில் நாலு கிலோமீட்டர் போய்விட்டு வந்து பேசச் சொல்லியிருக்கிறேன்.

வண்டி காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய வீட்டுக் கொட்டகையில் வருஷக்கணக்காக நின்றது, 1966 மாடல், இரண்டு கதவு. காய்ந்த பூமி, சேஸி தப்பித்துவிட்டது. உங்கள் ஊரில் பனிக்கு ரோட்டில் உப்புப் போடுகிறார்களே, அந்த உப்புதான் அங்கே இந்த வண்டிகளைத் தின்றிருக்கிறது. இங்கே சேஸியிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் இரும்புக் கைகள் மட்டும் அங்கங்கே இற்றுப்போயிருந்தன, டிங்கர் பாய் வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்ற வைத்தார். பட்டி வைத்து மூடுகிற ஆள் இல்லை அவர். அதற்காகவே அவரிடம் போனேன்.

இப்போது டிரனியன் கதைக்கு வருகிறேன், பொறுமையாகப் படி. முன் சக்கரத்தைத் தாங்கும் நெட்டு இரும்புக்கு அடியில் மறை வெட்டியிருக்கும், அது ஒரு வெண்கலக் கட்டிக்குள் திருகி உட்காரும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மறையில்தான் சக்கரம் திரும்புகிறது. அந்தக் கட்டிதான் டிரனியன். இதற்கு கிரீஸ் போடவே கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும், டிரயம்ஃப் புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அங்கே ஒரு ஓட்டை இருக்கும், அதில் ஒரு நிப்பிளைச் செருகிவிட்டு, நிப்பிள் இருந்தால் கிரீஸ் துப்பாக்கிதான் என்று எல்லாப் பட்டறையிலும் கிரீஸை அடித்து வைத்துவிடுவார்கள். கிரீஸ் மறையின் அடிவரை போகாது, காய்ந்து கெட்டியாகி வழியை அடைத்துக்கொள்ளும், உள்ளே தண்ணீர் நின்று இரும்பு துருப்பிடிக்கும். பிறகு ஒரு நாள், வண்டியை ஷெட்டிலிருந்து மெதுவாகத் திருப்பி எடுக்கும்போதோ, நல்ல வேகத்தில் போகும்போதோ, நெட்டு இரும்பு ஒடிந்து சக்கரம் மடிந்து உள்ளே போய்விடும். நம் வண்டியில் வலது பக்கத்தைக் கழற்றியபோது மறை முழுக்கச் செம்மண் நிறத் துரு, விரலால் தேய்த்தால் உதிர்கிறது. மேலே பளபளவென்று பெயின்ட் அடித்து, மாருதி எஞ்சின் வைத்து, இதை அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீயே யோசித்துப் பார். காசு கொடுத்து வேலை வாங்கும்போது இந்த மாதிரி இடங்களை யாரும் திறந்து பார்ப்பதில்லை, திறந்து பார்த்ததற்கு பில் போட முடியாது பார்.

பின் ஆக்சில் அடுத்தது. குறுக்கே பட்டைகளை அடுக்கிய ஒரே ஒரு ஸ்பிரிங், அதன் இரண்டு முனையிலும் சக்கரம், நடுவில் டிஃபரன்ஷியல், அதாவது எஞ்சின் சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி. வளைவில் வேகமாக நுழைந்துவிட்டு, பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடியும், வண்டி சுழலும். சிறுமலைக்கு ஏறும் ரோட்டில் 18 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, அங்கே இதை வைத்துக்கொண்டு வீரம் காட்ட முடியாது. மெட்ராஸ் கம்பெனியே பிற்பாடு கெசல் என்ற காரைச் செய்தபோது இந்த ஆக்சிலை எடுத்துவிட்டு சாதாரண ஒரே ஆக்சிலைப் போட்டுவிட்டது. இங்கிலாந்துக்காரர்கள் 1970இல் ஸ்பிட்ஃபயர் மார்க் 4 வந்தபோது வேறு வழி கண்டுபிடித்தார்கள்: ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்றை மட்டும் டிஃபரன்ஷியலோடு இறுக்கிவிட்டு, மற்றவற்றை அசைய விட்டார்கள், முன்பக்கம் ஆன்ட்டி ரோல் பாரை, வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியை, தடிமனாக்கினார்கள். அதே ஸ்பிரிங் இதிலும் உட்காரும், நான் அதைத்தான் போடப் போகிறேன். அதை நீ பெட்டியில் கொண்டுவர வேண்டாம், இரும்புப் பாளம், கப்பலில் வரட்டும்.

இப்போது மாப்பிள்ளையின் எஞ்சினுக்கு வருவோம். நம் 948 சிசி எஞ்சின் 35 குதிரைச் சக்திதான் தரும், ஒத்துக்கொள்கிறேன். மாருதி ஜிப்சியில் வந்த 1300 சிசி எஞ்சின் 80 தரும். ஆனால் அந்த 80ஐ 35க்காகச் செய்த டிஃபரன்ஷியல் வழியாக, மெல்லிய ஆக்சில் வழியாக, அடியில் மடிகிற சக்கரத்துக்கு அனுப்பி, முன்னால் டிரம் பிரேக்கை வைத்து நிறுத்துவதா? அதற்குப் பதிலாக இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர் போடுகிறேன். அந்தக் காலத்து ஹெரால்டு கூப்பேயில் இதே எஞ்சினுக்கு இரட்டைக் கார்புரேட்டர் வைத்து 45 பக்கம் கொண்டுவந்தார்கள். எனக்கு அது போதும், இந்த வண்டிக்கும் அது போதும்.

முன் பிரேக் மட்டும் கட்டாயம் டிஸ்க். உங்கள் ஊரில் 1961லேயே ஹெரால்டுக்கு அதைக் கூடுதல் காசுக்குக் கொடுத்தார்கள், ஆகவே வண்டியின் குணத்துக்கு விரோதமாக எதையும் செய்யவில்லை. பிரேக் மிதியிலிருந்து ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் இரட்டை வழி உள்ளதாக மாற்றுகிறேன். பழையதில் ஒரே வழி, எங்காவது ஒரு குழாய் பிய்ந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு.

எஞ்சின் உள்ளே மதுரையிலேயே முடிகிற வேலைதான். சிலிண்டர் போரிங், பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங் எல்லாம் கே.புதூர் பக்கம் லேத்தில் நடக்கிறது. கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, அதன் முன்பின் ஆட்டத்தைத் தடுக்கும் அரைவட்டத் தகடு இந்த எஞ்சினில் தேய்ந்து அடியில் உள்ள ஆயில் தொட்டியில் விழுந்துவிடும், அப்புறம் கிராங்க் பிளாக்கையே அரைக்கும். ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு முன் புல்லியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆட்டம் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். நம்முடையதில் புல்லி நகர்வது கண்ணுக்கே தெரிந்தது, அம்மாவே பார்த்துவிட்டு "என்ன இப்படி ஆடுது" என்றாள். கிளட்சை மிதித்ததும் அவள்தான், உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2000இலிருந்து ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் கிடையாது, அந்த ஈயம்தான் பழைய வால்வு சீட்டுகளைக் காத்தது, ஆகவே ஹெட்டில் கெட்டியான சீட் ரிங் அடித்தாகிவிட்டது. இப்போது 20 சதவீதம் எத்தனால் வேறு. பழைய ரப்பர் குழாயையும் பம்ப் டயாஃப்ரத்தையும் அது ஊறவைத்து உப்பச் செய்துவிடும், வண்டி நின்றால் தண்ணீரை இழுத்துக்கொண்டு டேங்க்கைத் துருப்பிடிக்க வைக்கும். குழாய் அத்தனையும் எத்தனால் தாங்குவதாக மாற்ற வேண்டும், அதில் கஞ்சத்தனம் கூடாது, எஞ்சின் சூட்டில் ஒழுகினால் நெருப்புதான்.

டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், பாயிண்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன். இதில் பாசிட்டிவ்தான் பாடியோடு எர்த், முதலில் அதை மாற்றிவிட்டுத்தான் மற்றது, இல்லாவிட்டால் புதுச் சாமான் புகைந்துவிடும். ஒயரிங் முழுக்கப் புதிது. இதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, எரிச்சல் பிடித்த வேலை.

ரப்பர் புஷ் ஒன்றையும் அங்கிருந்து வாங்காதே. டயரிலிருந்து வாஷர் வரை ரப்பர் வேலை தெரிந்தவர்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். பழைய புஷ்ஷைக் கொண்டுபோய்க் கொடுத்தால் டை வெட்டி அச்சாக அடித்துத் தருகிறார்கள், சின்னப் பட்டறைகள்தான், வேலை சுத்தம். கதவு ஓரத்து ரப்பர் பட்டைதான், பீடிங் என்பார்கள், சரியாக அமையவில்லை. அங்கே டிரான்ஸ்போர்ட் மியூசியத்துக்கு ஒரு நடை போ, ஹெரால்டு நின்றால் கதவு ஓரத்தில் பீடிங் எப்படி மடிந்து உட்கார்ந்திருக்கிறது என்று கிட்டத்தில் படம் எடு. முழு வண்டியைப் படம் எடுத்து அனுப்பாதே, அது எனக்கே தெரியும்.

ஆர்.டி.ஓ விஷயத்தைக் கேட்டாய். முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது, நம்பரில் வி.ஏ. என்று வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். சேஸியிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது, அன்றாடம் ரோட்டில் ஓட்டவும் கூடாது. சாதாரண ஆர்.சி.யிலேயே வைத்துக்கொண்டாலும், கம்பெனி கொடுத்த அடிப்படையை மாற்றக் கூடாது என்று 2019இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது நிற்கிறது. எஞ்சின் நம்பர் மாறினால் எத்தனை படி ஏற வேண்டியிருக்கும் என்று மாப்பிள்ளையிடம் சொல். இந்தக் காரணம் ஒன்றுக்காகவே நான் பழைய எஞ்சினை விடமாட்டேன்.

பெயின்ட் தை பிறந்த பிறகு. ஆடிக் காற்றில் ஒத்தக்கடைத் தூசி முழுக்க வண்டியில் ஒட்டிக்கொள்ளும், ஐப்பசி மழையில் ஈரத்தில் பூத்துப்போகும். கலர் பழைய வெளிர் பச்சைதான், சிவப்பு இல்லை, அதில் பேச்சே கிடையாது.

ஆகவே பணம் அனுப்பாதே. ஒரு ஜோடி டிரனியன், நெட்டு இரும்போடு சேர்த்து, இடதும் வலதும், இரண்டுக்கும் மறை எதிரெதிர்ப் பக்கம், மாற்றி வாங்கிவிடாதே. முன் டிஸ்க் செட் ஒன்று. அங்குல அளவு ரிங் ஸ்பேனர் செட் ஒன்று, இங்கே மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டுப் போட்டு நட்டெல்லாம் மூலை மழுங்கிப் போயிருக்கிறது. இவ்வளவையும் பொங்கலுக்கு வரும்போது கொண்டுவா. கேபின் பையில் வைக்காதே, ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள்.

வந்ததும் நீதான் முதலில் ஓட்டப் போகிறாய் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். 25 அடிக்குள் வட்டம் அடித்துத் திரும்பும், மாசி வீதியில்கூடப் பயம் இல்லை. ஆனால் முதல் கியருக்கு சிங்க்ரோ, அதாவது ஓடும்போதே கியரைச் சத்தமில்லாமல் விழவைக்கும் ஏற்பாடு, கிடையாது, வண்டி முழுக்க நின்ற பிறகுதான் போட வேண்டும், உருளும்போது தள்ளினால் கரகரவென்று கத்தும், அதை மாப்பிள்ளைக்கு இப்போதே சொல்லிவை.

அன்புடன்,
அப்பா