சிங்கத்துக்குக் கீழ இருக்கப்போற மகளுக்கு

மகள்,

நீ வெள்ளிக்கிழமை அனுப்பின வொய்ஸ் மெசேஜை நானும் கொம்மாவும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டம். இங்கிலாந்துக் கோர்ட்டில சத்தியப்பிரமாணம் எடுத்தாச்சு, ட்ரெயினிங் முடிய மூண்டு பேர் இருக்கிற பெஞ்சில நானும் ஒராள் எண்டு சொன்னனீ, சம்பளம் இல்லாத வேலை எண்டதும் கொம்மா முகத்தைச் சுழிச்சா, பிறகு நீதவான் எண்டு கேட்டதும் உடன பக்கத்து ஃபிளாட் அன்ரிக்குக் கோல் எடுத்திட்டா. கோர்ட்டுக்குள்ள படம் எடுக்க விடமாட்டினமாம், அதால நீ வாயால சொன்னதை வச்சுத்தான் யோசிச்சுப் பாக்கிறன், பெஞ்சுக்குப் பின்னால சுவரில அரசரின்ட இலச்சினை, ஒரு பக்கம் சிங்கம் மற்றப் பக்கம் ஒற்றைக் கொம்புக் குதிரை. "அப்பா, சிங்கம் இங்கயும் என்னை விடேல்ல" எண்டு சிரிச்சனீ. எனக்குச் சிரிப்பு வரேல்ல. கொழும்பில கோர்ட்டுகள் இருக்கிற புதுக்கடையில கோர்ட் முதலியாரா, அதாவது மொழிபெயர்ப்பாளரா நிண்ட காலம் முழுக்க, நீதவானுக்குப் பின்னால இருந்த வாள் பிடிச்ச சிங்கத்தைப் பாத்துக்கொண்டுதான் நான் மற்றவையின்ட கதையைச் சிங்களத்தில சொன்னனான். அதைப்பற்றிக் கொஞ்சம் கதைக்கோணும் போல கிடக்கு, வொய்ஸில சொன்னா நீ ரெண்டு மடங்கு ஸ்பீட்ல ஓட விட்டுக் கேப்பாய், அதால டைப் பண்ணுறன், பொறுமையா வாசி.

எங்கட நாட்டுக் காட்டில சிங்கம் இல்லை எண்டு உனக்குத் தெரியும்தானே. எந்தக் காலத்திலயோ இருந்ததுக்கு அடையாளமா குருவிட்டப் பக்கம் பழைய பல்லு கிடைச்சு, விலங்கு ஆராய்ச்சியாளர் தெரணியகல 1939ல அதுக்கு ஒரு பேரும் வச்சார், அவ்வளவுதான். வில்பத்திலயும் யாலயிலயும் இருக்கிறது சிறுத்தை. உயிரோட சிங்கம் பாக்கோணுமெண்டா டிக்கெட் எடுத்து தெஹிவளை சூவுக்குப் போகோணும், ஆனா கொடியில சிங்கம், காசில சிங்கம், பாஸ்போர்ட்டில சிங்கம், பியர் போத்திலிலயும் சிங்கம். இங்கிலாந்துக் காட்டிலயும் இல்லைத்தானே. ராசாமாருக்கு இது நல்ல வசதி எண்டுதான் நான் நினைக்கிறன், சிறுத்தை ஆட்டைப் பிடிச்சா சனம் ஏசும், ஒருத்தரும் காணாத மிருகத்தை ஆர் ஏசுறது?

சின்னனில உன்னை மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது ஞாபகமோ தெரியாது, நீ அங்க ஐஸ்கிறீம் கேட்டு அழுதது எனக்கு ஞாபகம். பொலன்னறுவையில இருந்து கொண்டுவந்த நிஸ்ஸங்கமல்லன்ட கல்லுச் சிங்கம் அங்க இருக்குது, 1187இலயிருந்து 1196 வரைக்கும் ஆண்டவன், அவ்வளவு கொஞ்சக் காலத்துக்குள்ள தன்ர பெருமையை அவன் கல்லில வெட்டி வச்ச அளவுக்கு வேற ஆரும் வெட்டியிருப்பினமோ தெரியாது. மற்றது கண்டிச் சிம்மாசனம். அதின்ட கதை எனக்கு எப்பவும் பிடிக்கும். 1693ல ஒல்லாந்தர் ரெண்டாம் விமலதர்மசூரியனுக்குப் பரிசாக் குடுத்தது, மரத்துக்கு மேல பொன் தகடு, கை வைக்கிற ரெண்டு பக்கமும் சிங்கம், முதுகுப் பக்கம் மேல சூரியன். அதாவது கப்பல் வியாபாரி குடுத்த கதிரை, அதில கடைசியா இருந்தது மதுரைப் பக்கத்தில இருந்து வந்த நாயக்கர் வம்சம், 1815ல இங்கிலிஷ்காரர் பிடிச்சுக்கொண்டுபோய் விண்ட்சர் மாளிகையில வச்சவை, 1934ல குளொஸ்ரர் கோமகன் கொண்டுவந்து திருப்பித் தந்தவர். கதிரை வந்திட்டுது. அதில கடைசியா இருந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1832ல வேலூர்ச் சிறையிலயே செத்துப்போனார்.

உன்ர ஊரிலயும் இதே கூத்துத்தான். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில இருக்கிற முடிசூட்டுக் கதிரையைப் போய்ப் பார், நாலு காலுக்கும் கீழ நாலு பொன் சிங்கம் தாங்குது. 1296ல ஸ்கொட்லாந்துக்காரரிட்டப் பறிச்ச கல்லை வைக்கிறதுக்கெண்டே செய்த கதிரை அது, கல்லு ஸ்கொட்லாந்துக்குத் திரும்பிப் போக 1996 ஆச்சுது, 2023ல சாள்ஸின்ட முடிசூட்டுக்கு இரவல் மாதிரிக் கொண்டுவந்து வச்சவை. இவ்வளவு பெரிய கதிரையில பக்கத்துப் பள்ளிக்கூடப் பெடியள் கத்தியால தங்கட பேரைக் கீறி வச்சிருக்கிறாங்கள். அந்தக் கீறல் எனக்குப் பெரிய சந்தோசம், ஏனெண்டு கேக்காத.

எங்கட கொடிக்கதை உனக்குத் தெரியும், கண்டி ராசாவின்ட சிங்கக்கொடிதான் 1948ல நாட்டுக்கொடி, 1951ல முஸ்லிம் ஆக்களுக்குப் பச்சையும் எங்களுக்குச் செம்மஞ்சளும் எண்டு ரெண்டு பட்டி சேத்தவை, கொடியைத் தீர்மானிச்ச குழுவில இருந்த செனட்டர் நடேசன் ஒத்துக்கொள்ளேல்ல. வாள் எங்கட பட்டியைப் பாத்துத்தான் நிக்குது எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினம், எனக்கும் அது குத்தாம இல்லை. ஆனா கோர்ட்டுக்குள்ள நிண்டு நிண்டு எனக்கு அந்தச் சிங்கத்தில இருந்த கோபம் குறைஞ்சு, அதுக்குக் கீழ இருக்கிற மனிசரில கவனம் கூடிப்போச்சுது. கூண்டில ஏறுற ஆள் முதல் நிமிசம் நீதவானைப் பாக்கமாட்டான், மேல இருக்கிற சிங்கத்தைத்தான் பாப்பான், நான் எத்தினையோ பேரின்ட கண்ணைப் பாத்திருக்கிறன். சில நீதவான்மார் அந்தப் பயத்தை அப்பிடியே விட்டிடுவினம், வேலை கெதியா முடியுமெல்லோ. ஒருத்தர் இருந்தவர், வயசான மனிசி சாட்சிக்கு வந்தா முதல் "கதிரை குடுங்கோ" எண்டுவார், பிறகு பேரைக் கேட்டுப்போட்டுக் கொஞ்சம் பேசாம இருப்பார். மனிசிக்கு மூச்சு வந்தபிறகுதான் கேள்வி.

சிங்காசனத்துக்காரர் தப்புப் பண்ணின கதையளில எனக்குப் பாண்டியன் கதைதான் பெரிசு. சிலப்பதிகாரத்தில கண்ணகி வாசலுக்கு வரேக்க ராசா எப்பிடி இருந்தவன் எண்டு பாட்டு சொல்லுது, "அரிமான் ஏந்திய அமளிமிசை இருந்தனன்" எண்டு, சிங்கம் தாங்கின ஆசனத்தில. எல்லாரும் அவன் விழுந்து செத்த இடத்தைத்தான் பெருமையாச் சொல்லுவினம், யானோ அரசன் யானே கள்வன் எண்டு. பள்ளிக்கூடத்தில எனக்கும் அப்பிடித்தான் படிப்பிச்சவை. கோர்ட்டில வேலை செய்த எனக்கு அதுக்கு முந்தின இடந்தான் கண்ணில படும். ராணி கோவிச்சுக்கொண்டு போயிட்டா, அவவைச் சமாதானப்படுத்த அவசரமா நடந்து போறான், வழியில பொற்கொல்லன் வந்து கள்ளனைப் பிடிச்சாச்சு எண்டுறான், இவன் போற போக்கில, சிலம்பு அவன்ட கையில இருந்தா கொண்டுபோட்டு சிலம்பைக் கொண்டு வாங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போறான். கோவலனை ஒரு வார்த்தை கேக்கேல்ல. சான்றுப்பொருளைத் திறந்து பாக்கேல்ல. உள்ள முத்தா மாணிக்கமா எண்டு பாக்க எவ்வளவு நேரம் எடுக்கும்? கண்ணகி வந்து சபையில உடைச்சுக் காட்டேக்க அதே வேலை ஒரு நொடியில முடிஞ்சுதெல்லோ. அந்த உத்தரவு சொல்லேக்க அவன் சிங்காசனத்தில இருக்கக்கூட இல்லை, நடந்துகொண்டு போனவன், அதை மறக்காத. மத்தியானம் தாண்டி, லிஸ்ட்டில இன்னும் கன வழக்கு கிடக்கு, வீட்டில பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு உனக்கு மெசேஜ் வரும், அப்பதான் கூண்டில ஆரோ ஒருத்தன் நிப்பான்.

இன்னொண்டு பார். அந்தப் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு எங்கயாவது கோயில் இருக்கோ? கேள்வி கேட்டவவுக்குத்தான் இருக்குது. மட்டக்களப்புப் பக்கம் வைகாசியில கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தித் திருவிழா, சிங்கள ஆக்களுக்குப் பத்தினித் தெய்யோ, கண்டியில நாலு தேவாலயத்தில ஒண்டு அவவுக்கு, அவிசாவளை ரோட்டில நவகமுவவில இருக்கிற தேவாலயத்துக்குக் கொழும்பில இருந்து எவ்வளவு சனம் போகுது. ரெண்டு இனச் சனமும் எதில ஒத்துப்போகுதோ இல்லையோ, இதில ஒத்துப்போகுது.

தமிழ் ராசா எல்லாளனையும் சொல்லோணும். எங்கட ஆக்கள் எழுதின புகழ் எண்டா நான் பாதிதான் நம்புவன், ஆனா இது மகாவம்சத்தில இருக்குது, அவனைத் தோற்கடிச்சவன்ட பெருமைக்கு எழுதின புத்தகத்தில. 44 வருசம் அனுராதபுரத்தில ஆண்டவன், நண்பனுக்கும் பகைவனுக்கும் ஒரே நீதி, படுக்கையின்ட தலைமாட்டில மணி, அதுக்கு வெளியில வரைக்கும் நீட்டுக் கயிறு, நீதி வேணுமெண்டவை இழுக்கலாம். கன்றைப் பறிகொடுத்த பசு இழுத்த கதை எல்லாருக்கும் தெரியும், திருவாரூர் மனுநீதிச் சோழனுக்கும் அதே கதை. எனக்குப் பிடிச்சது மற்றது, அவன்ட தேர் இடிச்சு ஒரு தாதுகோபத்தில 15 கல்லு பெயர்ந்திட்டுது, தான் புத்த சமயமே இல்லை, ஆனா இறங்கி ரோட்டில படுத்து என்ர தலையை வெட்டுங்கோ எண்டவனாம், மந்திரிமார் திருத்திக் கட்டினாக் காணும் எண்டு சமாளிச்சவையாம். மற்றவன்ட சாமிக்குப் பட்ட சேதத்துக்கு இப்பிடி நிண்ட ஆளை இந்த நாட்டில இப்ப தேடினா எங்க கிடைக்கும், சரி அதை விடு.

கொம்மா பக்கத்தில இருந்து சாலமோன் ராசாவை எழுது எழுது எண்டு நிக்கிறா. கொட்டாஞ்சேனைக்காரி, விடமாட்டா. யானைத்தந்தச் சிம்மாசனம், ஆறு படி, படிக்கு ரெண்டு பக்கமுமாப் பன்னிரண்டு சிங்கம், கைப்பிடிக்குப் பக்கத்தில இன்னும் ரெண்டு எண்டு பைபிளில இருக்குதாம். ஆனா ஒரு பிள்ளைக்கு ரெண்டு பொம்பிளையள் உரிமை கேட்ட அந்த வழக்கு வந்தது அந்தக் கதிரை செய்ய முந்தி எண்டுறா, வந்தவை ரெண்டு பேரும் ஊர் ஒதுக்கின பொம்பிளையள், ரெண்டு பேரையும் முழுக்கக் கதைக்க விட்டுப்போட்டுத்தான் வாளைக் கேட்டவர் எண்டுறா. பதிநாலு சிங்கம் வந்தபிறகு அவர் சனத்திட்ட வேலை வாங்கின வாங்கில, மகன்ட காலத்தில நாடு ரெண்டாப் போச்சுது, அதையும் அவதான் சொன்னவ. கொம்மா இவ்வளவு யோசிச்சு வச்சிருக்கிறா எண்டு எனக்கே இண்டைக்குத்தான் தெரியும்.

2022 ஜூலை 9 நீ அங்க இருந்து ராத்திரி முழுக்க லைவ் பாத்தனீ. சனம் ஜனாதிபதி மாளிகைக்குள்ள போய்க் கதிரையில இருந்து செல்ஃபி எடுத்துது, கட்டிலில படுத்துது, நீச்சல் குளத்தில குளிச்சுது. அந்தப் படந்தான் உலகம் பூரா ஓடினது. 2023 நவம்பர் 14, புதுக்கடையில உயர் நீதிமன்றம் பொருளாதாரத்தைக் கவிழ்த்தவை மக்களின்ட நம்பிக்கையை மீறினவை எண்டு பேர் சொல்லித் தீர்ப்புக் குடுத்துது, அதைப்பற்றி எங்கட சொந்தக்காரர் குரூப்பில ஒரு மெசேஜ் வந்ததா எனக்கு ஞாபகம் இல்லை. ஆனா பெட்டிசன் போட்ட ஆக்களின்ட கயிறு மணி வரைக்கும் போயிருக்குது எண்டு அண்டைக்கு நான் தனியச் சந்தோசப்பட்டன்.

சரி, கண் நோகுது. எனக்கு ஒரு விசயம் அறியோணும். உங்கட கோர்ட்டில தமிழ் ஆக்களுக்கோ சோமாலி ஆக்களுக்கோ இன்டர்பிரிட்டர் வருவினமெல்லோ, அவைக்கு இருக்கக் கதிரை குடுக்கிறவையே? இங்க நாங்கள் நாள் முழுக்க நிண்டபடிதான், முழங்கால் இப்ப சொல்லுது. குடுக்கேல்லயெண்டா நீ பெஞ்சில இருந்து சொல்லலாமோ, இல்லாட்டி அதுக்கும் ஏதும் ரூல்ஸ் இருக்கோ எண்டு கேட்டு எழுது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டுட்டுதோ எண்டு கொம்மா கேக்கிறா, ஞாயிறு கோல் எடு.

அப்பா
வெள்ளவத்தை