பிப்ரவரியில் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் ஆட்களையும் கணக்கில் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊர்ப் பொதுமக்கள்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தருமபுரி மாவட்டம்.

பொருள்: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 – வெளியூர் வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் விடுபடாமல் பதிவு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். பொங்கல் முடிந்த கையோடு எங்கள் ஊர்களில் வீடுகளுக்குப் பூட்டு விழுந்துவிடும். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியவர்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும், வெளிமாவட்டச் செங்கல் சூளைகளுக்கும் கிளம்பிவிடுவார்கள். தாத்தா பாட்டியும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும்தான் மிச்சம். கணக்கெடுப்பும் சரியாக பிப்ரவரியில்தான் வருகிறது.

கணக்கெடுக்கும் நாட்கள் முழுவதும் ஊரில் இல்லாதவர், எங்கே இருக்கிறாரோ அங்கேதான் பதிவாக வேண்டும். ஓசூரைத் தாண்டிப் போனவர் கர்நாடகக் கணக்கில் சேர்வார். அது முறைதான், அதில் எங்களுக்கு வழக்கில்லை. ஆனால் பாதி கட்டிய கட்டடத்தின் ஓரம் தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவரை அங்கேயும் தேடி வருவார் இல்லை. 2011இல் எங்கள் தெருவுக்கு வந்த டீச்சர் பூட்டைப் பார்த்துவிட்டு, பக்கத்துத் திண்ணைப் பாட்டியிடம் விசாரித்தார். "எல்லாம் வேலைக்குப் போயிட்டாங்க சாமி" என்றார் பாட்டி. அத்தோடு அடுத்த வீடு. டீச்சரைக் குறை சொல்லவில்லை, அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

நாலு பேர் விடுபட்டால் என்ன என்று கேட்கலாம். தலைக்கணக்கை வைத்துத்தான் மக்களவை இடங்களைப் பங்கிடுகிறார்கள். 1962 தேர்தலில் அன்றைய சென்னை மாநிலத்துக்கு, அதாவது இன்றைய தமிழ்நாட்டுக்கு, மக்களவையில் 41 இடங்கள்; 1967இல் அது 39 ஆனது. மற்ற மாநிலங்களின் மக்கள்தொகை வேகமாக வளர்ந்ததுதான் காரணம். அந்த இரண்டு இடங்களுக்கு மத்திய அரசு ஏன் 5,600 கோடி ரூபாய் இழப்பீடு தரக்கூடாது என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது. குடும்பக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்த மாநிலம் தண்டிக்கப்படக் கூடாது என்றுதான் 1976இல் அரசியலமைப்பின் 42ஆவது திருத்தம் இடப் பங்கீட்டை 1971 கணக்கோடு நிறுத்தி வைத்தது. 2001இன் 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. ஆக, வரப்போகும் எண்ணிக்கை சாதாரணமானதல்ல. குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணம் பார்த்து இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டவர்கள் எங்கள் அம்மாக்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரி குழந்தைகள் தமிழ்நாட்டில் 1.8, பீகாரில் 3. நாம் ஏற்கெனவே குறைவு. இருப்பவர்களும் விடுபட்டால் என்ன செய்வது?

தொகுதிகளைப் பங்கிடுவது டெல்லியில் முடிவாகிற விஷயம், அதைத் தங்களிடம் கேட்க வரவில்லை. ஆனால் இம்மாவட்டத்தின் முதன்மைக் கணக்கெடுப்பு அலுவலர் தாங்கள்தான். தலைகளை ஒழுங்காக எண்ணுவது தங்கள் கையில் இருக்கிறது. இங்குள்ள இருளர் குடும்பங்கள் விடுபட்டால் இழப்பு இன்னும் அதிகம். பழங்குடியினருக்கான தனித்தொகுதிகள் அவர்களின் எண்ணிக்கையை வைத்தே அமைகின்றன. 234 சட்டமன்றத் தொகுதிகளில் இப்போது ஏற்காடு, சேந்தமங்கலம் என இரண்டே உள்ளன.

எனவே, ஆட்கள் ஊரில் இருக்கும் பொங்கல் வாரத்திலேயே ஊராட்சி தோறும் கூட்டம் போட்டு, எங்கே போனாலும் அங்கே பெயரைப் பதிய வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். பூட்டிய வீட்டை ஒரே நடையோடு விட்டுவிடாமல், திரும்ப வந்து பார்க்கவும், போன இடத்தைக் குறித்துக்கொள்ளவும் பணியாளர்களுக்கு உத்தரவிடுங்கள். அந்தப் பட்டியலைச் சம்பந்தப்பட்ட மாவட்ட ஆட்சியர்களுக்கும், பெங்களூரு அதிகாரிகளுக்கும் அனுப்பிவைத்தால் கொட்டகைகள் வரை ஆள் போக வழி பிறக்கும். கைபேசியில் தாங்களே பதியும் வசதி எங்களில் பலருக்கு ஆகாத காரியம். இ-சேவை மையத்தில் கட்டணமின்றி உதவச் சொல்லுங்கள். அப்புறம், பெயர் கொடுத்தால் ரேஷன் கார்டுக்கு ஆபத்து என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது உண்மையில்லை என்று தண்டோரா போட்டாவது சொல்ல வேண்டும். இங்கே வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத்தாரையும் அதே விதிப்படி எண்ண வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

நன்றி.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: கையொப்பங்கள், வெளியூர் வேலைக்குச் செல்லும் குடும்பங்களின் பட்டியல்