அறச்சலூரிலும் ஆறுநாட்டார் மலையிலும் எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அறச்சலூர், வேலாயுதம்பாளையம் ஊர்க்காரர்கள் அனைவருக்கும் திருப்பூரிலிருந்து வணக்கம். தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பாறையில் எழுத்து பார்க்கிறோம் என்று தூக்குப்போசியும் தண்ணீர்ப் பாட்டிலுமாக வந்து இறங்கிய பனியன் கம்பெனிப் பெண்கள் கூட்டத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அத்தனை சத்தம் போட்டோம். அந்தக் கூட்டத்தில் கணக்கு எழுதுபவள் நான்தான் என்பதால், இந்த நன்றிக் கணக்கையும் என் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

முதல் நன்றி எங்கள் தெரு முனை ஆட்டோ ஸ்டாண்டு அண்ணனுக்கு. முன்பணம் வாங்கிய வேன்காரர், கல்யாண வாடகை கிடைத்ததும் முதல்நாள் இரவு பத்து மணிக்குப் போன் செய்து வர முடியாது என்றார். அவரைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் மடலின் நோக்கம் கெட்டுவிடும். ஆட்டோ அண்ணன் விடியற்காலையில் எங்கிருந்தோ ஒரு வண்டியையும், பாட்டுப் போடாத ஓட்டுநர் ஒருவரையும் பிடித்து வந்தார். அந்த ஓட்டுநருக்கும் நன்றி. காங்கேயத்தைத் தாண்டியதும் கிளுவை வேலிக்குள் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் மாடுகள் மேய்வதைப் பார்க்க, கேட்காமலேயே வேகத்தைக் குறைத்தவர் அவர்.

அறச்சலூரில் வண்டியை விட்டு இறங்கியதும்தான், மலையில் இசைக் கல்வெட்டு இருக்கிறது என்பது வேறு, அது எந்தப் பாறையில் இருக்கிறது என்பது வேறு என்று புரிந்தது. டீக்கடை அண்ணன் வழியை வாயால் சொல்லிப் பார்த்தார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, ஆடு ஓட்டிக்கொண்டு போன ஓர் அம்மாவைக் கூப்பிட்டு எங்களை ஒப்படைத்தார்.

அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் தொரட்டியோடு நடந்து, முகத்தில் அடிக்கும் வேலமுள் கிளைகளை ஒவ்வொன்றாக இழுத்து ஒதுக்கினீர்கள். "இந்தக் கல் ஆடும், அந்தக் கல்லில் கால் வை கண்ணு" என்று சொல்லிக்கொண்டே போனீர்கள். எங்கள் ஓவர்லாக் அக்காவுக்கு முழங்கால் வலி. அவருக்காக மட்டும் நீங்கள் சுற்றுப்பாதை ஒன்றைத் தேர்ந்தெடுத்தது, அவர் மூச்சு வாங்காமல் எங்களுக்கு முன்பே மேலே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பணத்தை நீட்டினோம், முறைத்தீர்கள். எங்கள் புளிச்சோற்றை மட்டும் வாங்கிக்கொண்டு, உப்புக் குறைவு என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டீர்கள். உண்மைதான், குறைவுதான்.

குகைக்குள் நுழைந்ததும் எங்களில் பாதிப்பேருக்கு ஏமாற்றம். சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கை தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. பாறை முழுக்கக் கீறலும் புள்ளியுமாகவே இருந்தது. அப்போது பின்னாலேயே ஏறி வந்த கல்லூரித் தம்பி ஒருவர், சட்டைப் பையிலிருந்து முகச்சவரக் கண்ணாடி ஒன்றை எடுத்தார். வெளியே வெயிலில் நின்றுகொண்டு, ஒளியைப் பாறையின் மீது நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து விட்டார். கீறலின் ஒரு கரையில் நிழல் விழுந்தது. அவ்வளவுதான், எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. சாக்கட்டி தேய்த்தால் இன்னும் நன்றாகத் தெரியாதா என்று எங்களில் ஒருத்தி கேட்டதற்கு, "தேய்க்கத் தேய்க்க எழுத்தும் தேயும் அக்கா" என்றார் அந்தத் தம்பி. வேறெந்த அறிவுரையும் அவர் சொல்லவில்லை.

எழுத்து, தமிழ் பிராமி என்கிற பழைய தமிழியிலிருந்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்தது. கி.பி. 2 முதல் 4ஆம் நூற்றாண்டு வரை அறிஞர்கள் பலவாறு கணிக்கிறார்கள். தாளச் சொற்கள்தான், வரிக்கு ஐந்து எழுத்தாக ஐந்து வரி. முதல் வரி 'த தை தா தை த'. இரண்டாவது 'தை தா தே தா தை'. நடு வரி 'தா தே தை தே தா'. பிறகு இரண்டாவது வரி திரும்ப வருகிறது, கடைசியில் முதல் வரி. இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், எப்படிப் படித்தாலும் அதேதான். நாள் முழுக்கக் கட்டம் போட்ட துணியைப் பார்க்கிற எங்கள் கண்ணுக்கு, முன்பக்கமும் பின்பக்கமும் பிசகாமல் ஓடும் நெசவாகத்தான் அது தெரிந்தது. பரதம் கற்கும் எங்கள் கட்டிங் மாஸ்டரின் மகள், தம்பி படிக்கப் படிக்கப் பாறை மேலேயே தட்டடவு போட்டுப் பார்த்தாள். மூன்றாவது வரியில் தாளம் தப்பியது. மறுபடி ஆரம்பித்தாள். ஆடு மேய்க்கும் அம்மா வாயில் கை வைத்துச் சிரித்தார்.

இதைச் சேர்த்தவன் பெயரும் அங்கேயே இருக்கிறது. மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். மணிகளைச் சோதித்து மதிப்பிடுபவன். நொய்யல் கரைக் கொடுமணலில் மணி பட்டை தீட்டிய தொழிற்கூடங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன, அதுவும் பக்கத்தில்தான். பகலெல்லாம் கல்லைத் தரம் பார்த்தவனுக்குத் தாளத்தில் நாட்டம் இருந்திருக்கிறது. அவனுக்கும் ஒரு நன்றி சொல்லிவிடுகிறேன், பெயர் போட்டு வைத்ததற்காக. 1960களின் தொடக்கத்தில் இக்கல்வெட்டைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்ன ஈரோட்டுப் புலவர் செ. இராசு 2023இல் மறைந்துவிட்டார். அவர் இல்லையென்றால் எங்களுக்கு இந்தப் பாறை வெறும் பாறைதான்.

இறங்கும் வழியில் உடைந்த பாட்டில் சில்லுகளைச் சாக்கில் பொறுக்கிக்கொண்டிருந்த மூன்று பையன்களைக் கண்டோம். யார் சொல்லிச் செய்கிறீர்கள் என்று கேட்டால், ஆட்டுக் கால் கிழிகிறது, அதனால் பொறுக்குகிறோம் என்றார்கள். தம்பிகளே, எங்கள் கால்களும் தப்பின. பாறையில் பெயிண்ட் அடித்துக் காதலி பெயர் எழுதியவனை மட்டும் நீங்கள் ஒருநாள் பிடித்தால், எங்களுக்கும் ஒரு சொல் அனுப்புங்கள்.

சிவகிரி, கொடுமுடி வழியாக வேலாயுதம்பாளையம் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. மலையடிவாரத்தில் செருப்பைப் பார்த்துக்கொண்டதோடு, செம்பு செம்பாக நீர்மோர் கொடுத்த பூக்கடை அக்காவை வாழ்த்துகிறோம். ஆறுநாட்டார் மலை என்கிற புகழிமலையின் முருகனைக் கும்பிட்டுவிட்டு இறங்கினால் போதும் என்றுதான் எங்களில் பலர் நினைத்திருந்தார்கள். படியில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா விடவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு குகைத்தளம் வரை வந்தார்.

அங்கே படுக்கைகளில் தலையணைப் பகுதியையும் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். யாற்றூர்ச் செங்காயபன் என்ற மூத்த சமணத் துறவிக்காக, சேரர் குலத்து இளங்கடுங்கோ இளவரசனானபோது வெட்டிக்கொடுத்தது என்று கல்வெட்டு சொல்கிறது. அப்பன் பெருங்கடுங்கோன், பாட்டன் கோ ஆதன் செல்லிரும்பொறை என்று மூன்று தலைமுறை வரிசையாக வருகிறது. பதிற்றுப்பத்தில் பாடப்பட்ட இரும்பொறை மரபினர் இவர்களே என்று அறிஞர்கள் ஒப்பிட்டுக் காட்ட இந்த வரிகள்தான் பெருந்துணையாக இருந்தன. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் இதைப் படித்து விளக்கிய கதையை ஐயா தன் வகுப்பில் நடந்ததுபோல் சொன்னார்.

ஆனால் எங்கள் பெண்களுக்குப் பிடித்தது அரசனை அல்ல. இன்னொரு படுக்கையைச் செய்து கொடுத்த கருவூர்ப் பொன்வாணிகன் நத்தியைத்தான். "அப்போதே கரூர்க்காரர்கள் கையில் காசு இருந்திருக்கிறது" என்று செக்கிங் பிரிவுத் தங்கை சொல்ல, "திருப்பூர்க்காரர்கள் அப்போது எங்கே இருந்தீர்கள்?" என்று ஐயா திருப்பிக் கேட்டார். பதில் சொல்ல ஆளில்லை. ஐயா, உங்கள் முழங்கால் வலியோடு எங்களுக்காக நின்றீர்கள். ஓவர்லாக் அக்கா தான் தடவும் தைலத்தின் பெயரை எழுதிக் கொடுக்கச் சொன்னார். தனித்தாளில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

அன்று எங்கும் டிக்கெட் வாங்கவில்லை, கேட்டைத் திறக்கச் சொல்லி யாரிடமும் கெஞ்சவில்லை. வழி கேட்ட இடத்திலெல்லாம் ஒருவர் கூடவே எழுந்து வந்தார். அதைப் பெரிய உதவியாக நீங்கள் யாரும் நினைக்கவில்லை என்பதால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

எடுத்த படங்களை அச்சுப் போட்டு இரண்டு உறைகளாக அனுப்பியிருக்கிறோம். ஒன்று அறச்சலூர் டீக்கடைக்கு, மற்றொன்று வேலாயுதம்பாளையம் பூக்கடைக்கு. ஆடு மேய்க்கும் அம்மா தொரட்டியோடு நிற்கும் படம் பெரிய அளவில் இருக்கிறது, டீக்கடை அண்ணன் அதை மடிக்காமல் கொடுத்துவிட வேண்டும். கண்ணாடித் தம்பிக்கு எங்கள் கம்பெனியில் தைத்த டி-சர்ட் ஒன்று உள்ளே இருக்கிறது. அளவு குத்துமதிப்பாகப் போட்டது, பொருந்தாவிட்டால் சொல்லி அனுப்பவும், மாற்றித் தருகிறோம்.

இப்படிக்கு,
கூட்டத்தின் சார்பில், கணக்கு எழுதும் அக்கா
திருப்பூர்