7 கிலோ பெட்டியும் இடுப்பளவு கூந்தலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் வெளிநாடு போகும் பெண்களுக்கு என்று ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். பாஸ்போர்ட் நகல், மருந்துச் சீட்டு பற்றி எழுதியதெல்லாம் சரி. கூந்தலுக்கு வந்ததும் கட்டுரையாளருக்குப் பொறுமை போய்விட்டது போலிருக்கிறது. கிளம்புமுன் முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள், மனம் வராதவர்கள் இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஓரத்தில் ஒரு கட்டம் கட்டிப் பட்டியல் போட்டிருக்கிறார். ஷாம்பு, கண்டிஷனர், சீரம், ஹேர் மாஸ்க், டிரையர், ஸ்ட்ரெய்ட்னர்... எண்ணிப் பார்த்தேன், 11 பொருட்கள்.

எனக்கு 54 வயது. சுருட்டை முடி, இடுப்புக்குக் கீழே நாலு விரல் தொங்கும், பாதி நரைத்துவிட்டது. தொழிற்சாலைகளில் மின் இயந்திரங்களை இயக்குபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அதற்காக வருடத்தில் நாலைந்து முறை வெளிநாடு போகிறேன், ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு நாள். விமானத்துக்குள் கொண்டுபோகும் 7 கிலோ பெட்டி ஒன்றுதான் என் மூட்டை. முடியை வெட்டவும் இல்லை, அந்த 11-ஐச் சுமக்கவும் இல்லை.

முதல் பயணத்தில் நானும் சுமந்தவள்தான். கிளம்புவதற்கு முன்தினம் தலைக்கான சாமான்களை மட்டும் சமையலறைத் தராசில் வைத்தேன். 1 கிலோ 640 கிராம் காட்டியது. காலிப் பெட்டியே 2 கிலோ 300. மிச்சம் இருந்த மூன்று கிலோவில் உடுப்பு, செருப்பு, லேப்டாப், பாடக் குறிப்புகள். இரண்டு புடவையை வெளியே எடுத்துவிட்டு டிரையரை உள்ளே வைத்தேன். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அந்தக் கண்டிஷனர் விமானம் ஏறவே இல்லை. பாதுகாப்புச் சோதனையில் பாட்டிலைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார்கள். "உள்ளே 50 மில்லிகூட இல்லையே" என்றேன். "பாட்டில் 200 மில்லி" என்றார் அந்த அம்மா. அவர் சொன்னது சரிதான். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை, பாட்டிலின் கொள்ளளவைத்தான் பார்ப்பார்கள். பிரிட்டனிலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போகும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கப் போட்ட சதி 2006 ஆகஸ்டில் பிடிபட்டது. அதன் பிறகு வந்த விதி இது. ஒவ்வொரு பாட்டிலும் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும், எல்லாம் சேர்ந்து, உள்ளே இருப்பது வெளியே தெரியும் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பைக்குள் அடங்க வேண்டும். புது ஸ்கேனர் வைத்த சில விமான நிலையங்களில் இப்போது தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் போகிற இடத்தில் தளர்த்தியிருந்தால் திரும்பி வருகிற இடத்திலும் அப்படியே இருக்கும் என்று நம்பிப் பெரிய பாட்டில் வாங்கிவிடாதீர்கள்.

அடுத்தது அந்த டிரையர். 230 வோல்ட்டுக்கானது. அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட். குளியலறையில் அடாப்டரைச் செருகி சுவிட்சைப் போட்டேன். தூக்கத்தில் முனகுவது போல ஒரு சத்தம், வாயால் ஊதினால் வரும் அளவுக்குக் காற்று. வோல்ட்டேஜ் பாதியானால் சூடு பாதியாகாது, ஏறக்குறைய காலாகிவிடும் என்று பத்து வருடமாக மற்றவர்களுக்குப் பலகையில் எழுதிக் காட்டியவள் நான்! அடாப்டர் பிளக்கின் காலைத்தான் மாற்றும், வோல்ட்டேஜைத் தொடாது. இதாவது பரவாயில்லை. 120 வோல்ட் டிரையரைக் கொண்டுபோய் 230-இல் செருகினால் நாலு மடங்கு சூடு பிடித்துப் புகை வந்துவிடும். ஜப்பானில் இன்னும் குறைவு, 100 வோல்ட். கருவியின் மேல் 100–240 என்று அச்சிட்டிருந்தால் எங்கும் ஓடும். போன் சார்ஜர்கள் பெரும்பாலும் அப்படித்தான். டிரையர்களில் அது அபூர்வம்.

ஈரத் தலையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அன்றைக்குத்தான் பழைய பருத்தி டி-ஷர்ட்டின் அருமை தெரிந்தது. ஈர முடிக்கு வலு குறைவு, சொரசொரப்பான துண்டால் தேய்த்தால் நார் நாராக எழுந்து நிற்கும். டி-ஷர்ட்டைப் படுக்கையில் விரித்துத் தலையைக் கவிழ்த்து, முடி முழுவதையும் அதற்குள் சுருட்டி, கைப்பகுதிகளால் முடிச்சுப் போட்டு அரை மணி நேரம் விட்டுவிடுவேன். அதற்குள் இ-மெயில் பார்த்து முடித்துவிடலாம். மற்ற நாட்களில் அதே டி-ஷர்ட்தான் இரவு உடுப்பு. டிரையரின் 600 கிராம் அன்றோடு பெட்டியை விட்டுப் போனது.

உங்கள் கட்டுரை வாயே திறக்காத விஷயம் ஒன்று உண்டு. தண்ணீர். ஒருமுறை லண்டனில் ஒன்பது நாள். மூன்றாவது முறை தலைக்குக் குளித்து முடித்தபோது முடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது, சீப்பு பாதி வழியில் நின்றது. ஷாம்புவைத் திட்டிக்கொண்டே தேநீர் போடலாம் என்று அறையில் இருந்த மின்கெட்டிலைத் திறந்தேன். உள்ளே அடிப்பாகம் முழுக்க வெள்ளைப் படலம், நகத்தால் சுரண்டினால் பொரியாக உதிர்ந்தது. தொழிற்சாலையில் பாய்லர் குழாய்க்குள் படிகிற அதே உப்பு. லண்டன் தண்ணீர் கடின நீர் என்று எங்கோ படித்திருந்தும் என் தலையோடு அதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. அன்றிலிருந்து எந்த ஊர் அறைக்குப் போனாலும் முதலில் கெட்டிலைத் திறந்து பார்க்கிறேன். நன்றாகத் துலக்கி வைத்திருந்தால் ஏமாந்துபோவோம், ஆனால் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடும்.

கடின நீரில் இருப்பது கால்சியமும் மக்னீசியமும். சோப்போடு சேர்ந்தால் கரையாத அழுக்குப் படலமாகி முடியில் ஒட்டிக்கொள்ளும். இங்கேதான் ஷாம்பு கட்டி வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். கட்டி என்பதால் திரவக் கணக்கில் வராது, ஒழுகாது, நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் கட்டியில் இரண்டு சாதி. உறையில் சோடியம் பால்மேட், சோடியம் கோகோயேட் என்றிருந்தால் அது அசல் சோப்பு, கடின நீரில் தலை பிசுபிசுக்கும். சோடியம் கோகாயில் ஐசெதியோனேட் போன்ற பெயர் இருந்தால் சோப்பு இல்லாத வகை, கடின நீரிலும் நுரைக்கும். வாயில் நுழையாத பெயர், படம் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பிசுபிசுத்துவிட்டதா? ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து கடைசியாக ஊற்றி அலசுங்கள். வினிகர் எந்த நாட்டிலும் கிடைக்கும், தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. கட்டியைக் குளித்தவுடன் ஈரத்தோடு டப்பாவில் மூடினால் கூழாகிவிடும், காயவிட்டு வையுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குளிர் நாட்டில் குறுகிய வாய் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டிக்கொண்டே நின்றிருக்கிறேன், ஒரு சொட்டு வரவில்லை. இப்போது காலியான தைல டப்பாவில் வைத்துக்கொள்கிறேன். விரலால் வழித்து உள்ளங்கையில் தேய்த்தால் உருகிவிடும். உறைந்திருந்தாலும் சோதனையில் திரவமாகவே எண்ணுவார்கள், அதனால் அதுவும் அந்த ஒரு லிட்டர் பைக்குள்தான். பாட்டிலில் எதையாவது கொண்டுபோவதாக இருந்தால் மூடுமுன் அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிடுங்கள். மேலே போனதும் விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும், பாட்டிலுக்குள் அடைபட்ட காற்று விரிந்து எண்ணெயை மூடி வழியாகத் தள்ளும். என் பாடக் குறிப்பில் மூன்றாம் அத்தியாயம் இன்றும் எண்ணெய்க் காகிதமாகத்தான் இருக்கிறது.

விமான நிலையத்துக்குக் கொண்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள். உடல் ஸ்கேனரில் கொண்டை ஒரு மூட்டையாகத் தெரியும், தனியே நிறுத்தி விரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். எனக்கு இரண்டு முறை நடந்தது. தளர்வான ஒற்றைப் பின்னலே போதும். கொண்டை ஊசிகளை முன்கூட்டியே எடுத்துப் பைக்குள் போட்டுவிடுங்கள். விமானத்துக்குள் காற்று பாலைவனம் மாதிரி வறண்டிருக்கும், ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே. விரித்துப் போட்ட சுருட்டை முடி பத்து மணி நேரத்தில் சிக்காகிவிடும். பின்னல் இருந்தால் அந்தத் தொல்லையும் இல்லை.

ஷாம்பு கட்டி, தைல டப்பா, 100 மில்லி கண்டிஷனர், அகலப் பல் சீப்பு, நாலு ரப்பர் பேண்ட். போன மாதம் நிறுத்துப் பார்த்தேன், 310 கிராம்.

இனி ஒரு புகார். சிறிய பாட்டில்களை ஒழிக்கிறோம் என்று விடுதிகளில் சுவரிலேயே பம்ப் பாட்டில்களைப் பொருத்திவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் 2023 முதல் சட்டமே போட்டு, சிறிய பிளாஸ்டிக் பாட்டில்களை அறையில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முதலில் 50 அறைக்கு மேற்பட்ட விடுதிகளுக்கு, அடுத்த வருடம் மற்றவற்றுக்கும். குப்பை குறைகிறது, எங்கள் பெட்டியும் இளைக்கிறது, வரவேற்கிறேன். ஆனால் மூன்று பாட்டிலும் ஒரே நிறம், ஒரே உயரம், பெயர் மட்டும் எறும்பு ஊர்ந்த மாதிரி. கண்ணாடி போட்டுக்கொண்டா குளிப்பார்கள்? ஷாம்பு கட்டியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போன ஒரு பயணத்தில், மூன்று நாள் உடம்புக்கான பாடி வாஷைத் தலைக்குப் போட்டுத் தேய்த்தேன். கண்டிஷனரை முழங்கையில் தேய்த்தபோது நுரை வராததைப் பார்த்துத்தான் விஷயம் புரிந்தது. இப்போது உள்ளே நுழைந்ததும், தலை நனைவதற்கு முன்பே, ஷாம்பு பாட்டிலின் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டிவிடுகிறேன். நாலாவது ரப்பர் பேண்ட் அதற்குத்தான். விடுதிக்காரர்கள் யாராவது உங்கள் பத்திரிகையைப் படிப்பார்களானால், ஷாம்பு என்பதைக் கட்டை விரல் அளவு எழுத்தில் போடச் சொல்லுங்கள்.

அப்புறம் ஆசிரியர் அவர்களே, அந்த 11 பொருள் பட்டியலைச் சாம்பல் நிறக் கட்டத்துக்குள் வெள்ளை எழுத்தில் நீங்களும் அதே எறும்பு அளவில்தான் அச்சிட்டிருந்தீர்கள். லென்ஸ் வைத்துத்தான் எண்ணினேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி