பொருள்: விரால் கிட் என்று விற்றுவிட்டு பாஸ் மீன் கிட் அனுப்பியது

குறைதீர் அலுவலருக்கு,

வணக்கம். உங்கள் தளத்தில் "மழை சீசன் விரால், வாளை லூர் கிட்" (லூர் என்றால் மீனை ஏமாற்றும் செயற்கை இரை) என்று போட்டிருந்ததைப் பார்த்து 1,890 ரூபாய் கட்டி வாங்கினேன். பில், பெட்டியின் போட்டோ, உங்கள் விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் இணைத்திருக்கிறேன். பெட்டி சொன்ன தேதிக்கு வந்துவிட்டது, கூரியர் தம்பிமேல் எந்தக் குறையும் இல்லை. குறை முழுக்க பெட்டிக்குள்ளே.

உள்ளே இருந்தவை வெள்ளியும் வெள்ளையுமாகப் பளபளக்கும் கிராங்க்பெயிட்கள் (இழுத்தால் முங்கி நீந்தும் மீன் வடிவ லூர்), ரெண்டு ஸ்பின்னர்பெயிட் (தகடு சுழலும் லூர்), குலுக்கினால் கலகலவென்று சத்தம் போடும், முங்க வைக்கும் முன்தகடான நாக்கு இல்லாத லூர் ஒன்று. ரப்பர் தவளை ஒன்றுகூட இல்லை. விரால் கிட்டில் தவளை இல்லை என்றால் காவேரிப்பட்டணத்தில் தூண்டில் தூக்கும் பொடியன்கூட சிரிப்பான். கூடவே வழவழ தாளில் ஒரு கையேடு. இலையுதிர் காலம் தொடங்கித் தண்ணீர் குளிரும்போது பாஸ் என்கிற அமெரிக்க நன்னீர் மீனுக்கு எந்த லூர் போடுவது என்று முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை அதுதான். விரால், வாளை என்ற பேச்சே அதில் கிடையாது.

கையேட்டில் உள்ளதைத் தப்பு என்று சொல்லவில்லை. அமெரிக்க ஏரிகளில் செப்டம்பர், அக்டோபரில் தண்ணீர் 27 டிகிரி பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல 15 டிகிரிக்கு இறங்கும்போது ஷாட் என்கிற வெள்ளிநிறச் சின்ன மீன்கள் கூட்டமாக ஓடை முகங்களுக்குள் ஏறும், பாஸ் அதைத் துரத்திக்கொண்டு பின்னாலேயே போகும். அதனால்தான் அங்கே ஷாட் மாதிரி வெள்ளி நிறத்தில், ரெண்டு மூணு அங்குல நீளத்தில் லூர் போடுகிறார்கள். ஆழமில்லாத இடத்தில் கட்டையில் கல்லில் இடித்து இடித்து வர சதுர நாக்கு கிராங்க்பெயிட், காற்றடிக்கும் கரையில் ஸ்பின்னர்பெயிட். மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கி அடித்தண்ணீரோடு கலக்கும் நாட்களில் மீன் சுணங்கிவிடும் என்பதுவரை எழுதியிருக்கிறீர்கள். நல்ல விஷயம்தான், டென்னசியில் இருப்பவருக்கு.

நான் தூண்டில் போடுவது பாரூர் ஏரியிலும் கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணைக்குக் கீழே தென்பெண்ணையிலும் (ஏரியில் ஏலம் எடுத்தவரிடம் சொல்லிவிட்டுத்தான், அந்தச் சந்தேகம் வேண்டாம்). இங்கே பாஸ் மீனும் இல்லை, ஷாட் மீனும் இல்லை. தண்ணீர் 15 டிகிரிக்கு இறங்குவதெல்லாம் மார்கழியிலேயே நடக்காது, ஐப்பசியில் எங்கே நடக்கப்போகிறது? இங்கே அந்த மாதங்களில் மாறுவது வேறு. மழை பெய்து வாய்க்கால் வழியாக ஏரிக்குச் செம்மண் தண்ணீர் வரும், ஆறு கலங்கும், முந்தாநாள் வரை காய்ந்து கிடந்த கோரைப்புல்லுக்குள் முழங்கால் தண்ணீர் ஏறும். விரால் போய் உட்காருவது அந்தப் புல்லுக்குள்தான். அது காற்றைக் குடிக்க அடிக்கடி மேலே வரும் மீன், புல் இடுக்கில் 'பொளக்' என்று ஒரு சத்தமும் சின்ன வளையமும் தெரிந்தால் அங்கே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்துக்கு அரை அடி தள்ளி, முள் முதுகோடு ஒட்டியிருக்கும் ரப்பர் தவளையைப் போட்டு, ஆகாயத்தாமரை மேலேயே தத்தித் தத்தி இழுத்து வந்தால்தான் அடிக்கும். கலங்கல் தண்ணீருக்குக் கறுப்பு, கரும்பழுப்பு மாதிரி அடர்ந்த நிறம்தான் கீழேயிருந்து பார்க்கும் மீனுக்கு நிழலாகத் தெரியும். அங்கே போய் மூணு முள் தொங்கும் வெள்ளி கிராங்க்பெயிட்டை எறிந்தால் மீன் வராது, கூடை கூடையாகப் பாசிதான் வரும்.

வாளைக்கு கிராங்க்பெயிட் எடுக்கும், அதை மறுக்கவில்லை. ஆற்றுத் தண்ணீர் கொஞ்சம் தெளிந்ததும் அதையும் போட்டுப் பார்த்தேன். நெடுங்கல் அணைக்கட்டுக்குக் கீழே ஒன்று அடித்தது. ரீல் இழுவையைத் தளர்த்தித்தான் வைத்திருந்தேன், தூண்டில் நரம்பும் அறவில்லை, ஆனால் கையில் திரும்பி வந்த லூரின் பின்முள் மூன்றில் ரெண்டு கொண்டை ஊசியைப் பிரித்த மாதிரி நேராக நிமிர்ந்திருந்தன. முள்ளை மாட்டிய வளையமும் வாய் பிளந்து கிடந்தது. வயிற்றுப் பக்கப் பெயின்ட் நகத்தால் சுரண்டாமலே செதில் செதிலாக உரிகிறது. போட்டோவில் பெரிதுபடுத்திப் பாருங்கள்.

உங்கள் சாட்டில் கேட்டால் வந்த பதில்: "இப்ப தண்ணி குளிர ஆரம்பிக்கும் சார், மீன் கரைக்கு வரும், மெதுவா இழுத்துப் பாருங்க." எந்த ஊர்த் தண்ணீர் என்று திருப்பிக் கேட்டேன், அந்தக் கேள்விக்கு டிக்கெட்டை மூடிவிட்டார்கள். திருப்பி அனுப்பக் கேட்டதற்கு, சீல் உடைத்துவிட்டதால் முடியாதாம். சீலை உடைக்காமல் உள்ளே தவளை இருக்கிறதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? விற்பனைப் பக்கத்தில் இருப்பதும் பச்சைத் தவளையும் புல்லும் போட்ட படம், உள்ளே உள்ள ஒரு லூரின் படம்கூட அதில் இல்லை. அப்புறம் இன்னொன்று, பெட்டியில் எந்த நாட்டில் தயாரானது என்று அச்சிடவில்லை, தளத்திலும் போடவில்லை. இறக்குமதிப் பொருளென்றால் அது கட்டாயம் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

எனக்கு மாற்று லூர் வேண்டாம். முழுப் பணமும் திரும்ப வேண்டும், கிட்டை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள், நிமிர்ந்த முள்ளோடு சேர்த்துத்தான். விற்பனைப் பக்கத்தில் விரால் என்ற பெயரையும் தவளைப் படத்தையும் எடுத்துவிட்டு, இது பாஸ் மீனுக்கான கிட் என்று தெளிவாகப் போடுங்கள். ஓசூரிலும் தருமபுரியிலும் ஒகேனக்கல் பக்கத்திலும் இப்போது லூர் போடும் பசங்க நிறைய, பாதிப்பேர் பகுதி நேர வேலைக் காசில் வாங்குகிறவர்கள்.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் நீங்கள் உறுதிப்படுத்த வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் பதிவு செய்வேன், அப்படியும் நடக்கவில்லையென்றால் நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது, ஆகவே கிருஷ்ணகிரிக்கு வரவேண்டியது நீங்கள்தான். பதிலை சாட்டில் வேண்டாம், மெயிலில் எழுத்தாக அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்