பெரிய கோயிலைப் படமெடுக்க வரும் பயணிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

தஞ்சாவூரிலேயே பிறந்து வளர்ந்தவன். பல மாலைகளைப் பெரிய கோயில் திருச்சுற்றில் கழிப்பவன். நீங்கள் எங்கள் ஊருக்கு வருவது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால், உங்களில் பலர் இராசராசன் திருவாயிலைக் கடந்ததும் அண்ணாந்து, கருவறைக்கு மேல் எழும் விமானத்தை ஒரு படமும், நந்தியின் முன் நின்று ஒரு படமும் எடுத்துக்கொண்டு, அடித்தளக் கல்லெழுத்துகளை ஏறிட்டும் பாராமல் திரும்பிவிடுவது மனத்தை வருத்துகிறது.

1010இல் இராசராசன் கட்டி முடித்த இக்கோயிலில் தானும், தமக்கையும், தேவியரும், மற்றவர்களும் கொடுத்தவற்றையெல்லாம் கல்லில் வெட்டுமாறு அம்மன்னனே ஆணையிட்டான். பல ஊர்த் தளிகளிலிருந்து, அதாவது கோயில்களிலிருந்து, வந்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகள் எனும் ஆடல் மகளிரின் பெயரும், அவரவர் வந்த ஊரும், குடியிருந்த சிறகு எனும் தெருப்பக்கமும், வீட்டு வரிசையும், பங்குக்கு நூறு கலம் நெல் என்ற கணக்கும் அங்கே இருக்கின்றன. அரசனுக்கு இணையாக ஆடல் மகளிரின் வீட்டு முகவரியையும் ஆயிரம் ஆண்டுகள் காத்து வைத்திருக்கும் கல் வேறெங்கே கிடைக்கும்?

சென்ற மார்கழியில் ஓர் இளைஞர் அந்த அடித்தளத்தின் மேல் ஏறி நின்று படமெடுத்துக்கொண்டார். அவருடைய கால் பெருவிரலுக்கு அடியில் ஓர் எழுத்து மறைந்திருந்தது. அவருடன் வந்தவர், எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று திருநீற்றை அள்ளிப் பூசினார். தயவுசெய்து இவற்றைச் செய்யாதீர்கள். வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும் வேளையில் ஒவ்வொரு வெட்டிலும் நிழல் தங்கி, எழுத்துகள் தாமாகவே எழுந்து நிற்கும். நல்ல படத்துக்கு அதுவே போதும், கல்லைத் தொடவும் வேண்டாம்.

மற்றொன்றும் கேட்டுக்கொள்கிறேன். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற கட்டுக்கதையை உங்கள் காணொளிகளில் தயவுசெய்து திரும்பச் சொல்லாதீர்கள். ஏறத்தாழ 216 அடிக் கற்கோபுரத்தை எழுப்பிய பெருந்தச்சனின் திறமைக்குப் பொய் எதற்கு? மாலையில் கிழக்குத் திருமுற்றத்தில் சற்று நேரம் நில்லுங்கள். அந்த நிழல் நீண்டு உங்கள் காலடிக்கே வரும். அதைப் படமெடுத்து எல்லோருக்கும் காட்டுங்கள்.

இப்படிக்கு,
தஞ்சாவூர்வாசி ஒருவன்